என் மகளின் ரெண்டு நிமிசம்

என் வாயைப் பற்றி நானே எழுத வேண்டி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளைப் பிரஸ் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் விஷயம் என் வாயோடு முடியவில்லை. என் மகள் அனுப்பிரியாவையும் தொட்டுவிட்டது. அவளைப் பற்றிப் பேச எனக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை.

நான் சீனிவாசகம். திருத்தங்கலில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தேழு. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் மனைவி பாலம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லை. சத்தமாகப் பேசுவேன், அவ்வளவுதான். முப்பது வருஷமாக மெஷின் பக்கத்தில் நின்று பேசுகிறவன் வேறெப்படிப் பேசுவான்?

அனுப்பிரியா கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். போன சித்திரையில் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, வேலையை விட்டுட்டேன். நானே ஒரு ஆப் செய்யப் போறேன். பல்லுத் தேய்க்கிறதுக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பல்லுத் தேய்க்கப் பிரஷ் போதாதா பாப்பா? போனு வேற எதுக்கு?"

"நீங்க எம்புட்டு நேரம் தேய்க்கிறீக?"

"அஞ்சு நிமிசம். கூடவே இருக்கும்."

மறுநாள் காலை, நான் வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தபோது கதவோரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு விநாடி என்றாள். போன் ரிப்பேர் என்றேன். அதற்கடுத்த நாள் சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். முப்பத்தைந்துதான் வந்தது.

இதற்குள் விஷயம் சொந்தக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. சாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா மகன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி மக சம்பள வேலைய விட்டுட்டு ஊருக்குப் பல்லு வெளக்கச் சொல்லித் தரப் போறாளாமே" என்றார். பந்தியே சிரித்தது. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "ஆமா, சொல்லித் தரத்தான் போறா! என் மக எதைத் தொட்டாலும் உருப்படியாத்தான் செய்வா. வருசம் முடியறதுக்குள்ள பெரிய டாக்டரே அதை எடுத்து நோயாளிகளுக்குக் குடுப்பாக. அப்புறம் சிரிங்க!" என்றேன். பாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எந்த டாக்டர், எப்படிக் கொடுப்பார் என்று எனக்கே தெரியாது. சொன்னது சொன்னதுதான்.

மூன்று மாதம் அவள் அறையை விட்டே வரவில்லை. ஆடி மாதம் ஆப் தயாராகிவிட்டது. 'ரெண்டு நிமிசம்' என்று பெயர் வைத்திருந்தாள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிஷம் ஓடும். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, இப்போது இந்தப் பக்கம், இப்போது அந்தப் பக்கம் என்று படம் காட்டும், குரலும் கொடுக்கும். தேய்த்து முடித்ததும் பல்லிடுக்கில் மெழுகு நூலை விட்டு எடுக்கச் சொல்லும். எடுத்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் அன்றைய நாள் பச்சையாகிவிடும். எல்லாம் சரி. குரல்தான் வில்லங்கம். பாலம்மாளைப் பேசவைத்துப் பதிந்திருந்தாள். வீட்டில் ஒரு பாலம்மாளைச் சமாளிப்பதே பெரும்பாடு, இப்போது சட்டைப் பையிலும் ஒருத்தி.

விருதுநகரில் டாக்டர் அழகுமீனாவின் பல் ஆஸ்பத்திரிக்கு ஆப்பை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட தினம் நாப்பது பேர் வர்றாங்கம்மா. அவங்க போன்ல இதைப் போடச் சொல்லணும்னா, ஒரு வாய்லயாவது இது வேலை செஞ்சதை நான் கண்ணால பார்க்கணும். இருக்கிறதுல மோசமான வாயா ஒண்ணு பார்த்துக் கூட்டிட்டு வா" என்றாராம்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் மெல்லிய கம்பியால் ஈறை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். முப்பத்தொரு இடத்தில் ரத்தம் வந்தது. கீழே முன்பல் இரண்டும் லேசாக ஆடின. மெஷின் வைத்துப் பல்லில் படிந்திருந்த காரையைச் சுத்தம் செய்துவிட்டு, "அண்ணாச்சி, நான் சுத்தம் செஞ்சது இன்னைக்குக் கணக்கு. இனிமே உங்க கையிலதான் இருக்கு. பழையபடியே விட்டீங்கன்னா இந்த ரெண்டு பல்லும் நிக்காது. மூணு மாசம் கழிச்சு வாங்க. ஈறு தேறியிருந்தா, உங்க மக ஆப்பை என் ஆஸ்பத்திரியில அன்னைக்கே போடுறேன்" என்றார்.

பல் போனால் போகிறது, கட்டிக்கொள்ளலாம். மகள் மூன்று மாதம் கண்விழித்துச் செய்த வேலை என் வாயை நம்பி நிற்கிறதே, அதுதான் எனக்குக் கவலை.

ஆடிப் பதினெட்டு அன்று ஆரம்பித்தேன். அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடும் நாள். அன்றிலிருந்து தை வரைக்கும் எங்களுக்குச் சீசன். விடிந்ததும் பிரஸ்ஸுக்குப் போய்விடுவேன். பல் தேய்ப்பதும் அங்கே பின்கட்டுக் குழாயடியில்தான்.

நான்காம் நாள் அது நடந்தது. வாயில் நுரையோடு நிற்கிறேன். போனிலிருந்து பாலம்மாள், "இப்ப உள்பக்கம் தேய்ங்க! பிரஷைத் திருப்புங்க! அவசரப்படாதீக!" என்று அதட்டுகிறாள். மெஷின் ஓட்டும் செல்லப்பாண்டி பதறிப்போய் ஓடிவந்து சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அண்ணாச்சி, மதினி எங்கன இருந்து பேசுறாக?"

பைண்டிங்கில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! அந்த இடத்திலேயே சத்தத்தை நிறுத்தினேன். போனைச் சட்டைப் பையில் போட்டேன். அதற்குப் பிறகு குரலும் இல்லை, படமும் இல்லை. இரண்டு நிமிஷம் ஆனதும் பையில் ஒரு அதிர்வு வரும், நிறுத்திவிடுவேன்.

ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாழ்நாளில் ராத்திரி பல் தேய்க்காத மனிதன், தொண்ணூறு ராத்திரி தேய்த்தேன். காய்ச்சலில் படுத்த அன்றும் எழுந்து தேய்த்தேன். நூலும் போட்டேன். ஆப்பில் தொண்ணூறு நாளும் பச்சை. நாங்கள் மெஷினில் தாளை எண்ணுகிற கவுண்டரை நம்பிப் பிழைக்கிறவர்கள். மெஷின் கவுண்டரில் பத்தாயிரம் என்று காட்டினால் பத்தாயிரம் தாள் ஓடிவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போவோம். அந்தப் பச்சையைச் சிவகாசியில் காகிதக் கடை, அச்சுப் பிளேட் போடுகிற இடம் என்று போன இடத்திலெல்லாம் காட்டினேன். "என் மக செஞ்சது" என்று சொல்லாமல் ஒருவரையும் விடவில்லை.

ஐப்பசியில் இருவரும் விருதுநகர் போனோம். அன்று அனுப்பிரியா புதுச் சேலை உடுத்தியிருந்தாள். டாக்டர் போனை வாங்கிப் பார்த்து, "தொண்ணூறுக்குத் தொண்ணூறா! சபாஷ் அண்ணாச்சி" என்றார். எனக்கு நாற்காலி போதவில்லை. பிறகு சிவப்பாக ஒரு மாத்திரை கொடுத்தார். மென்று வாய் முழுக்க நாக்கால் தடவிவிட்டுத் துப்பச் சொன்னார். அழுக்கு எங்கெல்லாம் படிந்திருக்கிறதோ அங்கெல்லாம் அந்தச் சாயம் பிடித்துக்கொள்ளுமாம்.

கண்ணாடியைக் கையில் கொடுத்தார். முன்பக்கம் பளிச்சென்று வெள்ளை. "பாத்தியா பாப்பா!" என்றேன்.

டாக்டர் சின்னக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டுப் பல்லின் பின்பக்கத்தைக் காட்டினார்.

மெஜந்தா. நூற்றுக்கு நூறு மெஜந்தா. அச்சு மை நான்கில் ஒன்றான அந்தச் சிவப்பை முப்பது வருஷமாகப் பார்க்கிறவன் நான், எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மேல் வரிசை உள்பக்கம், கீழ் வரிசை உள்பக்கம், கடைவாய்ப் பல்லின் பின்புறம், ஒரு இடம் பாக்கியில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலண்டர் ஒரு பக்கம் அடிக்கிற சரக்கு. பின்பக்கம் சுவரைப் பார்த்துத் தொங்கும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? கண்ணுக்குத் தெரிகிற பக்கம் சுத்தமாக இருந்தால் வேலை முடிந்தது என்று என் கை பழகிவிட்டது. தொண்ணூறு நாளும் முழுசாக இரண்டு நிமிஷம், ஒரே பக்கத்தையே தேய்த்திருக்கிறேன். நூலும் முன்னால் ஆறு பல்லோடு சரி.

டாக்டர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, கம்பியால் தொட்டு எண்ணினார். இருபத்தாறு இடத்தில் ரத்தம்.

டாக்டர் போனை மெதுவாக அனுப்பிரியா பக்கம் நகர்த்தினார். "நேரத்தை இது சரியாத்தான் எண்ணுதும்மா. ராத்திரி தேய்க்கிற பழக்கமும் வந்திருக்கு, அதை நான் இல்லைங்கல. ஆனா வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு இதுக்குத் தெரியல. எல்லாம் பச்சைன்னு சொல்லுது. அதை நம்பி ஒருத்தர் எங்கிட்ட வராமலே இருந்துட்டா? என்னால குடுக்க முடியாது."

என் மகள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நாற்காலியிலிருந்து குதித்து எழுந்துவிட்டேன். வாய் முழுக்கச் சிவப்பு, பார்க்கவே பயங்கரமாக இருந்திருக்கும்.

"டாக்டரம்மா, குத்தம் ஆப் மேல இல்ல! உள்பக்கம் தேய், உள்பக்கம் தேய்னு அது கத்துச்சு. நாந்தான் அது வாயை அடைச்சுப் பையில போட்டேன். என்னையத் திட்டுங்க. எம் புள்ளயத் திருப்பி அனுப்பாதீக!"

டாக்டர் அனுப்பிரியாவைப் பார்த்தார். அவள் 'ஆமாம், அப்பா மேல்தான் தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.

"இல்ல டாக்டர். நீங்க சொல்றதுதான் சரி" என்றாள். "சத்தத்தை நிப்பாட்டினா வேலை செய்யாதுன்னா, அது ஆப்போட தப்பு. எல்லாரும் நிப்பாட்டத்தான் செய்வாங்க. எனக்கு இன்னும் ஒரு மாசம் குடுங்க. அந்தச் சிவப்பு மாத்திரையும் கொஞ்சம் குடுங்க."

டாக்டர் ஒரு அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரை நான்தான் ஓட்டினேன். ஆனைக்குட்டத்துக்குச் சாலை பிரிகிற விலக்கு தாண்டியதும் அவளாகவே பேசினாள்.

"நீங்க சத்தத்தை நிப்பாட்டினது எனக்கு நாலாம் நாளே தெரியும்ப்பா. ஆப்லயே தெரியும்."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிக்கொண்டே போனான். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா எனக்காக ஆன் பண்ணியிருப்பீக. அப்புறம் அது உங்க பாசம் செஞ்ச வேலையா, ஆப் செஞ்ச வேலையான்னு எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர்கிட்ட வர்ற நாப்பது பேரு வீட்டுலயும் நான் போயி நின்னு கேக்க முடியுமா?" கொஞ்சம் நிறுத்தி, "படத்தைப் பாத்தாவது உள்பக்கம் தேய்ப்பீகன்னு நெனச்சேன். பையில போடுவீகன்னு நெனைக்கல" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது.

தோற்றுப்போய் வருகிற மகளைப் பார்த்து ஒரு தகப்பன் சந்தோஷப்படலாமா? நான் பட்டேன். ஒளித்து என்ன பயன்? பொய்யாக ஜெயிப்பதற்கு அவள் முன்னால் தொண்ணூறு நாள் வாய்ப்பு இருந்தது, அவள் தொடவில்லை. காரை ஓரங்கட்டிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். துண்டெல்லாம் மெஜந்தாவாகிவிட்டது. அதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

ஒரே வாரத்தில் ஆப்பை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிவப்பு மாத்திரை மெல்ல வேண்டும். உள்ளும் புறமும் போனில் படம் எடுக்க வேண்டும். எங்கே சிவப்பு அதிகமோ, அடுத்த வாரம் முழுக்க அந்த இடத்திலிருந்துதான் தேய்க்க ஆரம்பிக்கச் சொல்லும். பச்சை என்பதே கிடையாது, தூக்கி எறிந்துவிட்டாள். சத்தம் வைப்பதும் வைக்காததும் அவரவர் இஷ்டம்.

எனக்கு வேறு என்ன வேண்டும்? கலரைப் பார்த்துப் பிழை பிடிப்பதுதானே என் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஸ்ஸில் அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பாலம்மாள் டார்ச் அடிப்பாள்.

"கீழ இடது பக்கம் கடைசிப் பல்லு, பின்னால மெஜந்தா நிக்கிது. டார்ச்ச அங்கன அடி!"

"அங்கனதான் அடிக்கேன். வாயை மூடாம இருந்தாத்தானே தெரியும்?"

"வாயை மூடினா எப்படிடீ பேசுறது?"

"பேசாம இருங்களேன்!"

ஒரு ஞாயிறு அவளும் ஒரு மாத்திரையை எடுத்து மென்றாள். இரண்டே இடத்தில் திட்டுத்திட்டாக இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. அன்று முழுக்க வீட்டில் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான் லென்ஸை வைத்து மூன்றாவது இடம் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் சிவப்பு குறைந்தது. மூன்றாம் வாரம் உள்பக்கம் பாதிக்குமேல் வெள்ளை. கடைசிப் பல்லுக்குப் பின்னால் நூலைக் கொண்டுபோகத்தான் படாத பாடு பட்டேன். விரல் தடிமன், வாய் சின்னது. கண்ணில் தண்ணீர் வந்தாலும் விடவில்லை. காலையில் பல் துலக்கித் துப்பினால் ரத்தம் வருவது நின்றுபோனது. எத்தனையோ வருஷமாக வந்துகொண்டிருந்ததை, அது நின்ற பிறகுதான் கவனித்தேன்.

கார்த்திகை நடுவில் மறுபடியும் அதே நாற்காலி. டாக்டர் மாத்திரை கொடுத்தார், பின்பக்கத்தைப் படம் எடுத்தார், கம்பியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அனுப்பிரியா சேலை முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு" என்றார் டாக்டர். "அஞ்சே இடம். முன்பல்லும் இறுகியிருக்கு. அனுப்பிரியா, நாளையில இருந்தே போடுவோம். முதல்ல அம்பது பேர். வாரா வாரம் அந்தப் படங்களை நான் பார்க்கணும்."

என் மகள் தலையை மட்டும் ஆட்டினாள். பேச்சு வரவில்லை. எனக்கு வந்தது. என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள் என்பது மட்டும் ஞாபகம்.

சத்தம் அடங்கியதும் டாக்டர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஐப்பசியில எடுத்த படத்தையும், இப்ப எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இங்க மாட்டினா, வர்றவங்களுக்கு ஒரு பார்வையில புரிஞ்சிரும். பேர் போட மாட்டேன் அண்ணாச்சி."

"வேண்டாம் டாக்டர்" என்றாள் அனுப்பிரியா உடனே. "அப்பாவை எல்லாருக்கும் தெரியும். அவுகளுக்குச் சங்கடம்."

"யாருக்குடீ சங்கடம்?" என்றேன். "நானே அடிச்சுத் தர்றேன் டாக்டரம்மா. நாலு கலர்ல, பெரிய சைஸ்ல."

மார்கழி மாதம், சீசன் உச்சத்தில், காலண்டர் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் படத்தை மெஷினில் ஏற்றினேன். பல்லும் ஈறும் ஒரு முழ அகலத்துக்கு வந்தன. முதல் தாளை எடுத்துப் பார்த்த செல்லப்பாண்டி முகத்தைச் சுளித்தான்.

"அண்ணாச்சி, நீங்க எம்புட்டுப் பெரிய ஆளு. இதைப் பாத்தா ஊரு என்ன சொல்லும்? மெஜந்தாவைக் கொஞ்சம் கொறைச்சு விடட்டுமா? பாக்க லெச்சணமா இருக்கும்."

"ஏலே, ஒரு புள்ளி கொறைச்சே, உன்னைய வெளியில நிப்பாட்டிருவேன். இருக்கிறது இருக்கிறபடி விழணும்."

விழுந்தது. கீழே என்ன எழுத்து வரவேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அனுப்பிரியாவிடம் காட்டவில்லை.

தாளைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் ஆஸ்பத்திரியில் நானே ஆணி அடித்து மாட்டினேன். காத்திருந்தவர்களில் கிராமத்துக்காரர் ஒருவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யாரு வாயிய்யா இது, இம்புட்டு அசிங்கமா?"

"கீழ எழுதியிருக்கு. படிங்க."

அவர் கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். "இடது பக்கம், ஆப் தோற்றபோது. வலது பக்கம், ஆப்பைத் திருத்திய பிறகு. செய்ததும் திருத்தியதும் அனுப்பிரியா. வாய், அனுப்பிரியாவின் அப்பா."

ஊருக்குள் என்னைக் காலண்டர் சீனிவாசகம் என்பார்கள், பிரஸ் முதலாளி என்பார்கள், கோபக்காரர் என்பார்கள். அந்தத் தாளில் என் பெயரே கிடையாது.

அனுப்பிரியா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து திரும்பவில்லை.

"அந்த அப்பா யாரு?" என்று கேட்டார் அவர்.

"நாந்தான்" என்று சொல்லிவிட்டு, வெளிச்சத்தின் பக்கமாகத் திரும்பி, பின்பல் வரைக்கும் தெரிகிற மாதிரி வாயை அகலத் திறந்து காட்டினேன்.